பூப்பெய்தாத பெண்ணும் நம் கடமையும்

(சிவாஜிநகரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர் தமிழின் தொன்மையைப் பேசுவது நம் சங்கத்தில் நெடுநாள் வழக்கம். யாமும் சென்ற ஆண்டுகளில் அவ்வாறே பேசியிருக்கின்றோம். நீங்களும் பொறுமையுடன் கேட்டிருக்கின்றீர்கள். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் தலைப்பு யாது என்று வினவியபோது, "மகளிர் மனநலம்" என்று மட்டுமே எழுதிக் கொடுத்தோம். முழுத் தலைப்பையும் சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை. இப்போது மேடைக்கு வந்துவிட்டோம், இனி மறைப்பதற்கில்லை. உரிய வயதில் பூப்பெய்தாத ஒரு பெண்ணைப் பற்றியும், அவளைச் சுற்றியிருந்த நாம் அவளுக்குச் செய்தவை, செய்யத் தவறியவை பற்றியும் பேசப் போகின்றோம்.

ஆண்மகன் ஒருவன் பேசத் தக்க பொருளா இது என்று சிலர் நினைக்கலாம். அப்பெண்ணுக்கு யாம் தாய்மாமன். தமிழ்க் குடும்பத்தில் பெண் பெரியவளானால் முதற் சீர் கொண்டு வர வேண்டியவன் தாய்மாமனே. சீர் கொண்டு வரும் உரிமை உடையவனுக்கு, அச்சீர் வாராது நின்ற காரணத்தைச் சொல்லும் கடமையும் உண்டன்றோ? மேலும், இவ்வுரையை அப்பெண்ணிடம் முன்னரே படித்துக் காட்டினோம். "பெயரை மட்டும் சொல்லாதீர்கள், மாமா, மற்றதையெல்லாம் சொல்லுங்கள்" என்று அவள் இசைவு தந்த பின்னரே இங்கு வந்தோம்.

அவள் எம் தங்கையின் மூத்த மகள். பிறந்தபோதே அவளுடைய புறங்கைகளும் புறங்கால்களும் வீங்கியிருந்தன. "சில நாளில் வடிந்துவிடும்" என்றனர், வடிந்தும் போயிற்று. அதை அனைவரும் மறந்தோம். பள்ளியில் சேர்ந்தபின் வரிசையில் எப்போதும் முதலில் நிற்பவள் அவளே. பேச்சில் கெட்டிக்காரி, தமிழும் கன்னடமும் சரளமாகப் படிப்பாள், ஒருமுறை கேட்ட கதையைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். கணக்கு மட்டும் வாராது. வழியும் தெரியாது. ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து பேருந்து நிலையத்திற்கு நூறு முறை நடந்தவள், நூற்றோராம் முறையும் எந்தத் தெருவில் திரும்புவது என்று திகைத்து நிற்பாள். "கவனமில்லாத பெண்" என்று அவளைக் கடிந்துகொண்டவர்களில் யாமே முதல்வர். பாடத்தை நெட்டுருச் செய்யத் தெரிந்தவளுக்கு வழியை நினைவில் வைக்கத் தெரியாதா என்று பலர் முன்னிலையில் கேட்டிருக்கின்றோம். அச்சொல் இன்றும் எம்மைச் சுடுகின்றது.

பதின்மூன்று வயதாயிற்று. உடன் படித்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் பந்தல் போட்டு மஞ்சள் நீராட்டு நடந்தது. எம் தங்கை வீட்டில் மட்டும் நடக்கவில்லை. அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம் காட்டினர். "சிலருக்குத் தாமதமாகும், பொறுத்திருங்கள்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பொறுத்திருந்தோம். மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தோம். அம்மூன்று ஆண்டுகளின் விலை என்னவென்று பின்னரே அறிந்தோம்.

நம் குடியிருப்பின் பழக்கம் நீங்கள் அறிந்ததே. குழாயடியிலும் கோயில் வாயிலிலும் மாதா கோவில் கொடியேற்றத்திலும் ஒரே கேள்வி: "பெண் இன்னும் உட்காரவில்லையா?" கேட்பவர் பகைவர் அல்லர், உறவினரும் அண்டை வீட்டாருமே. அன்பினாற்றான் கேட்கின்றனர். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு பேர் அன்போடு கேட்டால் அக்கேள்வி கல்லாகிவிடுகின்றது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கை வீட்டுப் படியேறியவுடன் யாமும் அதையே கேட்டோம். பெட்டியில் சீர்ப் புடவை வாங்கி வைத்திருந்தோம் அல்லவா? அப்பெண் முதலில் விழாக்களுக்கு வருவதை நிறுத்தினாள். பின்பு தோழிகளோடு பேசுவதை நிறுத்தினாள். இறுதியில் கண்ணாடி முன் நிற்பதையும் நிறுத்தினாள். அப்போது அவளுடைய உயரம் நான்கு அடி ஐந்து அங்குலம்.

பதினாறாம் வயதில் வேறொரு மருத்துவர் அவளுடைய கழுத்தையும் கைகளையும் உற்று நோக்கிவிட்டு, இரத்தம் எடுத்துக் குரோமோசோம் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த நாளில், அவ்விடத்தில் பணி செய்த ஒருவர் நடைவழியில் நின்றபடியே, "இவளுக்குக் குழந்தை பிறக்காது" என்று எம் தங்கையிடம் சொன்னார். இரண்டடி தொலைவில் அப்பெண் நின்றுகொண்டிருந்தாள். எந்த இடம், யார் என்பன வேண்டா. சொன்னவர் தீயவர் அல்லர், அவசரக்காரர். ஆனால் அன்று முதல் பல நாள் அவள் சரியாக உண்ணவில்லை, உறங்கவுமில்லை.

அன்பர்களே! அந்நிலைக்கு டர்னர் நிலை என்று பெயர். யாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். எனினும் மருத்துவர்கள் பொறுமையாக விளக்கியதையும், அதன்பின் யாம் தேடிப் படித்ததையும் எளிய சொற்களில் சொல்லுகின்றோம்.

நம் உடலின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக உள்ளன. மனிதனுக்குச் சரியாக 46 என்பதே 1956-ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. இவற்றுள் ஓர் இணை, பால் குரோமோசோம்கள். பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு எக்ஸ். ஆண்களுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். டர்னர் நிலையில் பிறக்கும் பெண்ணுக்கு ஓர் எக்ஸ் முழுமையாக உண்டு. மற்றொன்று முழுதும் இல்லை, அல்லது ஒரு பகுதி இல்லை. சிலருக்கு உடலின் சில உயிரணுக்களில் இரண்டும், சிலவற்றில் ஒன்றுமாகக் கலந்திருக்கும். எம் அலுவல் மொழியில் சொன்னால், சரக்கு முழுதும் வந்து சேர்ந்தது. உடன்வந்த தாள்களில் மட்டும் ஒன்று குறைந்தது.

ஜெர்மனி நாட்டு மருத்துவர் உல்ரிச் 1930-இலும், அமெரிக்காவின் ஒக்லஹாமா மாநிலத்து மருத்துவர் ஹென்றி டர்னர் 1938-இலும் இந்நிலையை விவரித்து எழுதினர். டர்னர் கண்டது ஏழு பெண்களை. காரணம் ஓர் எக்ஸ் குறைவே என்பதை 1959-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு என்பவரும் அவர்தம் துணைவரும் காட்டினர். பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவர் இந்நிலையினர். எனவே இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நேர்ந்த அதிசயமன்று. இத்துணை மக்கள் வாழும் பெங்களூரில் இத்தகைய பெண்கள் பலர் இருத்தல் வேண்டும். பலருக்குத் தம் நிலையின் பெயரே தெரியாது.

இதன் அடையாளங்கள் யாவை? பிறந்தபோது கை கால் வீக்கம். கழுத்தின் இருபுறமும் தோல் அகன்று காணுதல். பின்கழுத்தில் மயிர் தாழ்ந்து வளர்தல். வயதுக்கேற்ற உயரம் இன்மை. உரிய காலத்தில் பூப்பு எய்தாமை. எல்லா அடையாளமும் எல்லாரிடத்தும் இரா. சிலரிடம் உயரக் குறைவு ஒன்றே காணப்படும். உள்ளே இதயத்தின் பெருநாடியில் குறுக்கம் இருக்கலாம். சிறுநீரகத்தின் அமைப்பு வேறுபடலாம். காதில் அடிக்கடி சீழ் வந்து செவிப்புலன் மங்கலாம். தைராய்டு சுரப்பி தளரலாம். ஆதலின் இதயம், சிறுநீரகம், செவி, தைராய்டு ஆகியவற்றைக் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.

இதற்கு மருத்துவம் உண்டா? உண்டு. உயரத்திற்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டு. நாள்தோறும் தோலுக்கடியில் போடுவது. எலும்பின் முனைகள் மூடுவதற்கு முன், இளமையிலேயே தொடங்கினாற்றான் பெரும்பயன். பதினொன்று பன்னிரண்டு வயதளவில் பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனைச் சிறு அளவில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்துவர். அதனால் உடல் பெண்மை வளர்ச்சி பெறும், எலும்பு வலுப்படும். எம் தங்கை மகளுக்குப் பதினாறில் தெரிந்தது. ஊசிக்குரிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. பொறுத்திருந்த மூன்று ஆண்டுகளின் விலை என்றோமே, அது இதுதான்.

இனி, மனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டர்னர் நிலையுள்ள பெண்களுள் மிகப் பெரும்பாலோர் இயல்பான அறிவாற்றல் உடையவர்கள். சொல்லாற்றல் பலரிடம் சிறந்து விளங்கும். ஆனால் இடம், திசை, வடிவம், கணக்கு ஆகியவற்றைக் கையாளும் திறன் பலரிடம் குறைந்திருக்கும். வரைபடம் பார்த்து வழி கண்டுபிடித்தல், தூரத்தைக் கண்ணால் அளத்தல், வடிவியல் படம் வரைதல் ஆகியன கடினம். கவனம் சிதறுதலும் சிலரிடம் உண்டு. பிறருடைய முகக் குறிப்பைக் கண்டு உள்ளக் கருத்தை உணர்தலும் சிலருக்கு எளிதன்று, அதனால் தோழமை கொள்ளத் தடுமாறுவர், கூட்டத்தில் கூசுவர். மார்க்கெட் சந்தில் அப்பெண் திகைத்து நின்றது கவனக் குறைவாலன்று, அவள் பிறவியோடு வந்த அமைப்பால் என்று மருத்துவர் சொன்னபோது எம் தலை தானே குனிந்தது. கால் முடங்கியவனை ஏன் ஓடவில்லை என்று அடிப்போமா? யாம் அதைத்தான் செய்தோம்.

இவ்வமைப்பை அறிந்தால் வழியும் பிறக்கின்றது. திசையைப் படமாகச் சொன்னால் விளங்காத பெண்ணுக்குச் சொல்லாகச் சொன்னால் விளங்கும். "பழக்கடை, அடுத்து மணிக்கடை, அடுத்து மசூதி, அங்கே வலக்கை" என்று ஒரு கதைபோல அவளே எழுதி வைத்துக்கொண்டாள். அதன்பின் வழி தவறவில்லை. கணக்கையும் ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு படியாகச் சொற்களால் விளக்கினார், தேர்வில் தேறினாள்.

அடுத்தது அச்சமும் சோர்வும். இப்பெண்களிடம் பதற்றமும், தம்மைத் தாமே தாழ்வாக மதிக்கும் எண்ணமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவற்றுள் எவ்வளவு உடலமைப்பால் வருவது, எவ்வளவு ஊரார் வாயால் வருவது என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆனால் ஒன்று தெளிவு. அயல்நாடுகளில் இந்நிலையுள்ள பெண்களையே அமர்த்திக் கேட்டபோது, பிள்ளைப்பேறு இல்லை என்பதே பெருந்துயரம் என்று பலர் கூறினர். அதனோடு, பெற்றோரும் மருத்துவரும் உண்மையைத் தம்மிடமிருந்து மறைத்தது ஆறாப் புண் என்றும் கூறினர். மறைத்தவர் அன்பினால் மறைத்தனர். மறைக்கப்பட்டவரோ, "வாய்விட்டுச் சொல்ல முடியாத அளவுக்கு யான் இழிந்தவளோ?" என்று எண்ணினர். ஆகவே வயதுக்கேற்ற அளவில், சிறிது சிறிதாக, உண்மையைச் சொல்லி வளர்க்க வேண்டும் என்பதே இன்று மருத்துவர் கூறும் முறை. ஐந்து வயதில், "உனக்கு வளர மருந்து வேண்டும்." பத்து வயதில், "உன் உடலில் இன்னது குறைவு." பன்னிரண்டு பதின்மூன்றில் முழு உண்மை. நடைவழியில் அன்று, தாயின் மடியருகில், கேள்வி கேட்க நேரம் கொடுத்து.

இதற்கு நேர்மாறான மற்றொரு நிலையும் உண்டு. சில பெண்களுக்கு ஓர் எக்ஸ் மிகுதியாக, மூன்றாக இருக்கும். எடின்பரோவில் பாட்ரிசியா ஜேக்கப்ஸ் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1959-இல் இதை முதலில் கண்டனர். ஏறத்தாழ ஆயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இஃது உண்டு. இவர்கள் பெரும்பாலும் உயரமாகவே வளர்வர், பூப்பும் எய்துவர், ஆதலின் பலர் வாழ்நாள் முழுதும் அறியாமலே இருந்துவிடுவர். ஆனால் சில குழந்தைகள் காலந் தாழ்த்திப் பேசும், படிப்பில் தடுமாறும், மிகவும் கூச்சப்படும். அக்குழந்தைகளையும் "மந்தம்" என்று ஒதுக்காமல் பேச்சுப் பயிற்சியும் படிப்பில் துணையும் அளித்தால் நன்கு முன்னேறுவர்.

தாய்மார்களே! இங்கு ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். சோதனை முடிவு வந்தவுடன் எம் தங்கையின் மாமியார், "உன் வயிற்றில் வந்த குறை" என்றார். மாமன் மகனை மணந்ததால் வந்தது என்றார் மற்றொருவர். கிரகண நேரத்தில் வெளியே வந்ததால் என்றார் இன்னொருவர். மூன்றும் பிழை. டர்னர் நிலை உறவுத் திருமணத்தால் வருவதன்று, கிரகணத்தாலும் வருவதன்று, பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமன்று. உயிரணு உருவாகும்போது தற்செயலாக நேரும் பிழை அது. ஓர் எக்ஸ் மட்டுமே உள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவரிடம் எஞ்சியிருப்பது தாய் தந்த எக்ஸ். வந்து சேராதது தந்தை வழியது. இதைச் சொன்னபோது அவ்வீட்டில் ஒரு நாழிகை ஒருவரும் பேசவில்லை. ஆனால் தாயின் தலையிலிருந்து இறக்கிய பழியைத் தந்தையின் தலையில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பழி எவர் மேலும் இல்லை.

இனி யாம் செய்த பெரும்பிழையைச் சொல்லுகின்றோம். ஊர் வாயை மூட ஒரு வழி கண்டனர் வீட்டுப் பெரியவர்கள். நாள் பார்த்துப் பூப்பு நீராட்டு விழாவை நடத்திவிடுவது. வந்ததா வாரவில்லையா என்று யார் பார்க்கப் போகின்றார்? மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்தவர் தாய்மாமனாகிய யாமே. அழைப்பிதழ் வாசகமும் எழுதியாயிற்று. அதைக் கையில் வாங்கிப் படித்த அப்பெண், வாராதிருந்த பேச்சு திரும்பி வந்ததுபோல் கேட்டாள்: "மாமா, வராததை வந்ததாகச் சொல்லி என் தலையில் மஞ்சள் நீர் ஊற்றுவீர்கள். நாளைக்கு ஒருவர் பெண் கேட்டு வந்தால் அவரிடம் எதைச் சொல்வீர்கள்? பொய்யைச் சொல்லி என்னை அனுப்பினால், அந்த வீட்டில் நான் எப்படி வாழ்வேன்?"

விடை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. அழைப்பிதழ் அச்சேறவில்லை. மண்டபத்து முன்பணம் போயிற்று. போகட்டும் என்று விட்டோம். மறு வாரமே அவளை ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துச் சென்றோம். முதல் மூன்று முறை அவள் பேசவேயில்லை. நான்காம் முறை ஒரு மணி நேரம் அழுதாள். ஐந்தாம் முறை பேசினாள். அது கண்டு வீட்டார்க்குப் பைத்தியப் பட்டம் வருமோ என்ற அச்சமும் எழுந்தது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது இழிவன்று எனில், மனச்சோர்வுக்குப் போவது மட்டும் எங்ஙனம் இழிவாகும்?

நம்மவரே ஆன ஒரு வீராங்கனையை ஈண்டு நினைக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் உழைத்த பெற்றோர்க்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தோகா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களில், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடலின் விவரத்தை ஆராய்வது நம் வேலையன்று. அது அவருக்கும் அவருடைய மருத்துவருக்கும் உரியது. ஆனால் அச்செய்தி உலகமெங்கும் நாளிதழ்களில் வந்தது. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 2007-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார் என்று செய்தி வந்தது. 2012-இல் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். அதன்பின், இதே பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் பயிற்சியாளர் படிப்பை மேற்கொண்டார். பின்னர்த் தமிழ்நாட்டில் இளைஞர்க்கு ஓட்டம் கற்பிக்கும் பயிற்சியாளரானார்.

அவர் மட்டுமல்லர். ஸ்பெயின் நாட்டு மரியா பட்டினோ என்னும் தடையோட்ட வீராங்கனை 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் குரோமோசோம் சோதனையால் விலக்கப்பட்டார். போராடி 1988-இல் உரிமையை மீட்டார். 1968-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நடைமுறைக்கு வந்த அச்சோதனை, கன்னத்தின் உட்புறத்து உயிரணுவில் இரண்டாம் எக்ஸின் அடையாளத்தைத் தேடுவது. ஓர் எக்ஸ் மட்டுமே உடைய எம் தங்கை மகள் அந்நாளில் ஓட்டக்காரியாக இருந்திருந்தால், அவளையும் "பெண் அல்லள்" என்று அச்சோதனை கூறியிருக்கும்! கட்டாயப் பாலினச் சோதனையை ஒலிம்பிக் அமைப்பு 1999-இல் கைவிட்டது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு வேறொரு மரபணுச் சோதனையை மகளிர் பிரிவிற்குக் கட்டாயமாக்கியுள்ளது. விளையாட்டின் விதிகளை அதற்குரியவர் வாதிக்கட்டும். யாம் சொல்வது ஒன்றே: விதி எதுவாயினும், ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய உண்மையை முதலில் அறிய வேண்டியவள் அவள்; தெரு அன்று.

இவ்வகையில் பெங்களூர்வாசிகளாகிய நாம் பேறு பெற்றவர்கள். 1847-இல் தொடங்கிய மனநோய் விடுதி ஒன்று இந்நகரில் வளர்ந்து, 1925-இல் மனநல மருத்துவமனை என்று பெயர் பெற்றது; 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் உடன் எழுந்தது; 1974-இல் இரண்டும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆயிற்று. இன்று ஓசூர் சாலையில் நாட்டின் நான்கு திசையிலிருந்தும் மக்கள் வந்து காத்திருக்கும் இடம் அது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் அங்குத் தனித் துறையே உண்டு. அதனருகில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. நம் சிவாஜிநகரிலேயே பௌரிங், லேடி கர்ஸன் மருத்துவமனையும், ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பெயரால் விளங்கும் கோஷா மருத்துவமனையும் உள்ளன. திரையிட்டு வாழ்ந்த பெண்களும் கூச்சமின்றி மருத்துவம் பெற வேண்டும் என்று எண்ணிய ஒரு வணிகர் அவர். நடந்து செல்லும் தொலைவில் மருத்துவம் இருந்தும், நாணத்தால் நாம் நடவாதிருப்பது தகுமா? நேரில் செல்ல இயலாதவர்க்கு, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி உண்டு. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

முடிவாக, நம் குடியிருப்புக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறை குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் கோடிட்டுக் குறியுங்கள். உடன் பயில்வோரைவிடப் பெண் மிகவும் குட்டையாயின், பூப்புக்குக் காத்திராமல் அப்போதே மருத்துவரைக் காணுங்கள். பதின்மூன்று வயதாகியும் உடலில் பெண்மை வளர்ச்சியின் தொடக்கமே காணவில்லை எனில் தாமதிக்கவே வேண்டா. "பொறுங்கள்" என்று ஒருவர் சொன்னால் மற்றொருவரையும் கேளுங்கள்.

இரண்டு: "பெரியவளானாளா?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுவோம். "என்ன படிக்கின்றாய்?" என்று கேட்போம். கேள்வி கேட்கும் ஆசையும் தீரும். பெண்ணும் முகம் மலர்வாள்.

மூன்று: தாயைப் பழியாதீர்கள்.

நான்கு: பெண்ணிடம் உண்மையை மறையாதீர்கள், பெண் கேட்டு வருவோரிடமும் மறையாதீர்கள். பிள்ளைப்பேறு ஒன்றே பெண்ணின் பயன் அன்று. உண்மை அறிந்து விரும்பி மணந்தோரும் உண்டு. சட்டப்படி குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்போரும் உண்டு. மணமின்றித் தம் தொழிலில் சிறந்தோரும் உண்டு. மருத்துவத் துணையால் கருவுற நினைப்பவர், முதலில் இதயத்தை நன்கு சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். ஏனெனில் இந்நிலையில் கருக்காலம் பெருநாடிக்கு ஆபத்து விளைவிக்கலாம்.

ஐந்து: பெண் பேசாதொழிந்தால், உண்ணாதிருந்தால், கூட்டத்திற்கு அஞ்சினால், அதைப் பிடிவாதம் என்று தள்ளாதீர்கள். அது துன்பத்தின் மொழி. அம்மொழி அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எம் தங்கை மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மருந்தை நாள் தவறாமல் உட்கொள்கின்றாள். பதினெட்டாம் வயதில் மருந்தின் துணையால் மாதவிலக்குத் தொடங்கியது. எம் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, விழா வேண்டாம் என்கிறாள். சீர்ப் பணத்தைக் கல்லூரிக் கட்டணத்திற்குத் தர முடியுமா என்று கேட்கச் சொன்னாள்" என்றாள். தந்தோம். ஐந்து ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த புடவையை மட்டும் அவளிடம் கொடுத்தோம். பட்டம் பெற்ற நாளில் அதை உடுத்தி வந்தாள். உயரத்திற்கு ஏற்பப் புடவையை அவள் தாய் மடித்துத் தைத்திருந்தாள். இன்று ஒரு பள்ளியில் சிறு குழந்தைகளுக்குத் தமிழும் கன்னடமும் கற்பிக்கின்றாள். அச்சம் முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டோம். கூட்டத்தைக் கண்டால் இன்றும் கூசுகின்றாள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆலோசகரைக் காண்கின்றாள்.

இம்மண்டபத்தில் இன்று அவள் இருக்கின்றாளா, எந்த வரிசையில் இருக்கின்றாள் என்று தேடாதீர்கள். அவளைப் போன்ற வேறொரு பெண் நம் வீடுகளில் ஒன்றில் கதவை மூடிக்கொண்டு அமர்ந்திருக்கலாம். தேட வேண்டியது அக்கதவை. சென்று மெல்லத் தட்டுங்கள்.